மூன்றாம் கிழமை வந்த காய்ச்சல்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். புடவைக்கடை, பாமசி, ஹார்ட்வெயார் வைத்திருக்கும் முதலாளிமார் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள். நோன்பு நெருங்குகிறது, பெருநாள் சீசனுக்கு எல்லோரும் புதுப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்துக்கொண்டு இருக்கிறீர்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

யார் கடை, எந்த ஊர் என்று கொமென்ட்டில் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன். அந்த முதலாளி கெட்ட மனிதர் இல்லை. இது அவர் ஒருவரின் குற்றம் என்றால் அவரிடமே கதைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். கதைத்தும் இருக்கிறேன். அவர் செய்ததை நம்மில் ஒருவரும் பிழையாகவே பார்க்கவில்லை என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

என்னிடம் படித்த பிள்ளை. உயர்தரம் எழுதி, கெம்பஸ் கிடைக்கவில்லை. வாப்பா மீன்பிடிக்குப் போகிறவர், மாரியில் கடல் இல்லை. இந்த ஜனவரி தொடக்கத்தில் அவனை அந்தக் கடையில் சேர்த்துவிட்டது நான்தான். போன் எடுத்து, "நல்ல பிள்ளை, நான் பொறுப்பு" என்று சொன்னேன். அடுத்த நாளே எடுத்துக்கொண்டார்கள். கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை இரவு பிள்ளைக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை காலை எனக்குக் கோல் எடுத்தான்.

"சேர், சரியான காய்ச்சலாக் கிடக்கு. கண்ணெல்லாம் வலிக்குது. லீவு கேக்கவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வந்து மூணு கிழமைதானே மகன். முதல் மாசத்திலேயே லீவு கேட்டா பேர் கெட்டுப் போகும். பெனடோல் ரெண்டப் போட்டுட்டுப் போ."

இதை நான் மறைத்து எழுதலாம். மறைத்தால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. முதலாளிமாரைப் பற்றிச் சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் முன்னால் என் பெயரும் இருக்கிறது.

பிள்ளை போனான். வெள்ளியும் சனியும் துணிக்கட்டைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். புடவைக்கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் உட்காருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், கதிரை வாடிக்கையாளருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை எழும்பவே முடியவில்லை. உம்மா கடைக்குப் போன் பண்ணி, "காய்ச்சல்" என்று சொல்லியிருக்கிறார். மெனேஜர் "சரி, நாளைக்காவது அனுப்புங்க" என்றாராம். திங்கட்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. எட்டு மணிக்கே போன். "விட்டிட்டுதானே, வரச் சொல்லுங்க." பிள்ளையும் போனான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கிற நேரம் அல்ல, இறங்குகிற நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் குறையும், "சுகமாகிவிட்டது" என்று நாம் நினைப்போம். அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும், பிளேட்லட் விழும். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் குளிர்ந்து போதல், சலம் குறைதல், தலைச்சுற்று. இவை வந்தால் உடனே வைத்தியசாலை. காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் இரத்தம் சோதிக்க வேண்டும். இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. 2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு, 400க்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். நம் பாடசாலைச் சுவரில் இன்னும் அந்தப் போஸ்டர் இருக்கிறது. அதன் முன்னால் தினமும் நடந்து போகிற ஆசிரியர்தான் "பெனடோல் போட்டுட்டுப் போ" என்றேன்.

(இன்னொன்று. உடம்பு வலிக்கு என்று பாமசியில் ஐபுபுரொஃபன், டைக்குளோபினாக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். டெங்கு என்றால் இரத்தக் கசிவு கூடும். காய்ச்சலுக்குப் பெனடோல் மட்டும், அதுவும் அளவாக.)

அதாவது, வேலைக்குப் போகவே கூடாத நாள் எதுவோ அந்த நாளில்தான் முதலாளியின் போன் வருகிறது. அதே நாளில்தான் பிள்ளையும், வேலை போய்விடும் என்ற பயத்தில், எழும்பி உடுத்துப் போகிறான். காய்ச்சல் இறங்கினால் லீவுக்கும் காரணம் முடிந்தது என்பது நம் கணக்கு. நோயின் கணக்கு வேறு.

பதினொரு மணிபோல் வாந்தி எடுத்திருக்கிறான். அரை மணித்தியாலத்தில் சேலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டான். ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனது கூட வேலை செய்கிற பிள்ளைகள்தான். பிளேட்லட் இருபத்திரண்டாயிரம். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ஐந்து நாள் வார்டில். அல்ஹம்துலில்லாஹ், தப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் முதலாளி வார்டுக்கு வந்தார். அப்பிள், ஒரு பக்கட் நெஸ்டமோல்ட், உம்மாவின் கையில் ஒரு என்வலப். உள்ளே ஐயாயிரம் ரூபா. வேலை செய்த நாட்களுக்கான சம்பளம் தனியாக, சதம் பிசகாமல். தலையைத் தடவி துஆச் செய்துவிட்டுப் போனார்.

அதே நாள் அவன் நின்ற இடத்தில் வேறு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

உம்மா மெனேஜருக்குப் போன் எடுத்தபோது, "புது ஆள் எடுத்தாச்சு ராத்தா. தம்பி நல்லா சுகமாகட்டும். பெருநாள் முடியப் பார்ப்பம்" என்றாராம். அந்த உம்மாவுக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் "தங்கமான மனிசன் சேர், ஐயாயிரம் தந்தாரு" என்று சொல்லி அழுதார். நன்றியில் அழுதார். அந்த அழுகைதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

கணக்குப் பார்ப்போம். 2026 ஜனவரி தொடக்கம் தேசிய குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபா. ஐந்து நாள் வார்டில் இருந்ததற்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்திருந்தால் 6,000. ஸதகாவாகக் கொடுத்தது 5,000. வித்தியாசம் ஆயிரம் ரூபா. ஷோகேஸில் நிற்கிற பொம்மைக்கு உடுத்தியிருக்கும் லெஹங்காவுக்கு இதைவிடப் பல மடங்கு விலை. ஆகவே தயவுசெய்து என்னிடம் "சின்னக் கடை, கட்டாது சேர்" என்று சொல்லாதீர்கள். காசு இருந்தது. கையை விட்டும் போனது. ஆனால் அது பிள்ளையின் உரிமையாகப் போகாமல் முதலாளியின் தர்மமாகப் போனது. லீவாகக் கொடுத்திருந்தால் வேலையும் அவனுடையதாக இருந்திருக்கும். ஸதகாவாகக் கொடுத்ததால் நன்றி முதலாளிக்கு, வேலை வேறொருவனுக்கு.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் கதைத்தார். பிளேன்ட்டி வரவழைத்தார்.

"சேர், நோன்பு வருது. சனிக்கிழமை கடையில நிக்க இடமில்ல. ஆள் இல்லாம நான் என்ன செய்யிற?"

நியாயமான கேள்வி. ஆள் வேண்டும்தான். ஆனால் அடுத்த கிழமையே அதே கடையில் இன்னும் நான்கு பேரை எடுத்தார்கள். நான்கு பேருக்கு இடம் இருந்த கடையில் ஐந்தாவதாக இவனுக்கு இடம் இல்லாமல் போனது எப்படி? அதையும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "வந்த மாசமே விழுந்துட்டான் சேர். நோஞ்சான் புள்ள. சீசனுக்குத் தாங்குவானா?"

நுளம்பு கடித்து வந்த டெங்கை அந்தப் பிள்ளையின் குணமாக எழுதிவிட்டோம். ஆறு வருடம் வேலை செய்கிறவர் விழுந்தால் "பாவம், சுகமில்லை." மூன்று கிழமை வேலை செய்தவன் விழுந்தால் "இவன் சரிவரமாட்டான்." இதே முதலாளி தன் மெனேஜருக்குப் பித்தப்பைக் கல் ஒபரேஷன் செய்தபோது ஒரு மாதம் சம்பளத்தோடு வீட்டில் இருக்க விட்டவர். அதை நானே மற்றவர்களிடம் புகழ்ந்து சொல்லியிருக்கிறேன். அப்படியென்றால் அவருக்கு எப்படிச் செய்வது என்று தெரியும். பழைய ஆளுக்குச் செய்வார், புது ஆளுக்குச் செய்யமாட்டார். அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கும் என்று நம்பித்தான் தேடினேன். இல்லை.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம்தான் நம் கடைப் பிள்ளைகளுக்குரியது. அதில் சுகவீன லீவு என்று தனியாக ஒரு நாளும் கிடையாது. சொந்த அலுவல், சுகமின்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஏழு நாள். அதுவும் முதல் வருடத்தில் பூர்த்தியான ஒவ்வொரு இரண்டு மாத வேலைக்கும் ஒரு நாள். வருடாந்த லீவு அடுத்த வருடம்தான். ஆக, மூன்றாம் கிழமையில் டெங்கு வந்த பிள்ளைக்குச் சட்டப்படி இருந்த லீவு பூச்சியம். வேலையிலிருந்து நிறுத்தினால் பாதுகாப்புத் தருகிற 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்றால், அது 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் பொருந்தாது, 180 நாள் வேலை செய்யாதவருக்கும் பொருந்தாது. புதிதாக வேலைக்குப் போகிறவன் எல்லாச் சட்டத்துக்கும் இடையில் இருக்கிற ஓட்டையில்தான் நிற்கிறான்.

ஆனால் ஒன்று. அதே 1954ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கு எடுக்கும்போது நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஈபிஎப் முதல் நாளிலிருந்தே கட்டியாக வேண்டும், பிள்ளையின் பங்கு எட்டு வீதம், முதலாளியின் பங்கு பன்னிரண்டு வீதம். நம் பஜாரில் எத்தனை கடையில் இது நடக்கிறது? "சட்டத்தில் லீவு இல்லைதானே" என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் சட்டத்தில் இருக்கிறதைச் செய்துவிட்டு வாருங்கள்.

நான் ஏன் இவ்வளவு கதைக்கிறேன் என்று சிலர் நினைப்பீர்கள். "சேருக்கு என்ன, கவர்மென்ட் உத்தியோகம்." சரிதான். எனக்கு வருடத்துக்கு 41 நாள். இருபத்தொன்று கெஷுவல், இருபது மெடிக்கல். டிசம்பர் நெருங்கும்போது "இன்னும் எத்தனை மிச்சம்" என்று எண்ணிப் பார்த்துப் போடுகிற ஆசிரியர்கள் நம்மில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று சொல்கிறேன். எனக்கு முதல் நியமனம் கிடைத்த வருடமே செங்கமாரி வந்தது. தூர ஊர், போர்டிங் வாழ்க்கை, கண்ட இடத்துத் தண்ணீர். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் படுத்தேன். அதிபர், அவர் ஒரு தமிழ் மனிதர், "மெடிக்கலை அனுப்பு தம்பி, மற்றதைப் பிறகு பார்ப்பம்" என்றார். கூடிப்போன நாட்களுக்குச் சம்பளத்தில் வெட்டினார்கள். வெட்டட்டும். திரும்பி வந்தபோது என் வகுப்பு எனக்காக இருந்தது. என் பெயர் டைம் டேபிளில் அப்படியே இருந்தது. அந்த வேலையில்தான் இன்றுவரை இருக்கிறேன். என் வீடு, என் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை. அன்று "வந்த வருடமே விழுந்துட்டான்" என்று என்னை அனுப்பியிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் சேராக இருந்திருக்கமாட்டேன்.

சவூதிக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே தொழில் சட்டத்தில் சுகவீனத்துக்கு வருடத்தில் முதல் 30 நாள் முழுச் சம்பளம், அடுத்த 60 நாள் முக்கால் சம்பளம், அதற்கு மேல் 30 நாள் சம்பளம் இல்லாமல். கட்டாரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகுதான், ஆனாலும் உண்டு. (எழுதியது எல்லாம் நடக்கிறதா என்பது வேறு கதை, வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களின் கதை அதைவிட வேறு.) கபீலைப் பற்றி ஊருக்கு வந்து குறை சொல்கிறோம். அந்தக் காசில் ஊரில் கடை திறந்ததும் நாமே கபீலாகிவிடுகிறோம்.

"பொய் சொல்லுவானுகள் சேர், கிரிக்கட் மெட்ச் எண்டா எல்லாருக்கும் காய்ச்சல்" என்று ஒருவர் நேற்றுச் சொன்னார். சொல்வார்கள்தான். மெடிக்கல் கேளுங்கள், டயக்னோசிஸ் காட் கேளுங்கள், இரத்தச் சோதனை ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முதல் சம்பளமே இன்னும் கைக்கு வராத பிள்ளைதான் பொய்க் காய்ச்சல் போடுவதற்கு எல்லோரையும் விடப் பயப்படுவான். அவன் செய்கிற பொய் எதிர்ப்பக்கம். காய்ச்சலை மறைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, உங்கள் கடையில் நிற்பான். அடுத்தவனுக்குக் கொரோனா என்றால் அப்படியே பரப்பிக்கொண்டும் நிற்பான்.

மார்க்கத்தைப் பற்றி நான் அதிகம் பேச வரவில்லை, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும். இன்னும் சில நாளில் நோன்பு. நோயாளி நோன்பை விட்டுவிட்டு, சுகமானபின் வேறு நாளில் நோற்கலாம் என்பது மக்தப் பிள்ளைக்கும் தெரியும். அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையையே நோயாளிக்குப் பிற்படுத்தித் தந்திருக்கிறான். அவன் எத்தனை வருடமாக நோன்பு பிடிக்கிறான் என்ற கேள்வியும் அதில் இல்லை. நேற்று இஸ்லாத்துக்கு வந்தவனுக்கும் அதே சலுகைதான். நம் கடையின் சனிக்கிழமை வியாபாரம் மட்டும் பிற்படுத்த முடியாததாக இருக்கிறது.

பள்ளி நிர்வாகங்களும் இதைக் கடைக்காரருக்கு மட்டும் சொன்னதாக எடுக்க வேண்டாம். நம் முஅத்தினுக்கு வருடத்துக்கு எத்தனை நாள் லீவு? மக்தப் முஅல்லிமாவுக்கு? நிர்வாகக் கூட்டத்தில் யாராவது கேட்டுப் பாருங்கள். பாங்கு சொல்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அவரே ஆள் தேட வேண்டும், அந்த ஆளுக்கு அவரே கை நனைக்க வேண்டும் என்பதுதான் நான் பார்த்த நடைமுறை. முன்பள்ளி டீச்சர்மாரைப் பற்றித் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சீசனுக்கு எடுக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள். சட்டத்தில் பூச்சியமாக இருக்கிற அந்த முதல் இரண்டு மாதத்துக்கு, நாமாகவே, மூன்று நாள் சம்பளத்தோடு சுகவீன லீவு என்று அதில் எழுதுங்கள். வார்டில் மறித்தால் திரும்பி வரும்வரை இடம் அவனுக்கே என்று எழுதுங்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் தர முடியாவிட்டால் நோ-பே என்றாவது போடுங்கள். இடையில் ஆள் வேண்டுமென்றால் தற்காலிகமாக எடுங்கள், அந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்லியே எடுங்கள். காய்ச்சல் என்றால் இரத்தச் சோதனை சரியாகும்வரை கடையிலிருந்து போன் போகக் கூடாது. வர்த்தக சங்கம் ஒரு கூட்டம் போட்டு இதை முடிவாக எடுத்தால் எல்லாக் கடைக்கும் ஒரே செலவு, யாருக்கும் போட்டியில் நட்டம் இல்லை. கடிதத்தைத் தமிழில் தட்டச்சுச் செய்து நான் தருகிறேன். காசு வேண்டாம்.

பெற்றோருக்கும், என்னைப் போன்ற சேர்மாருக்கும்: முதல் மாதம் லீவு கேட்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லுவதை நிறுத்துவோம். நான் நிறுத்திவிட்டேன். போன கிழமை உயர்தர வகுப்பில் ஒரு பாடத்தை விட்டுவிட்டு அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். முப்பத்தைந்து பிள்ளைகளில் ஒருவருக்கும் அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாது. பாதிப் பேர் ஏதோ ஒரு கடையில் பின்னேரம் வேலை செய்கிறார்கள்.

பிள்ளை இப்போது வீட்டில் இருக்கிறான். நேற்று அஸருக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். மெலிந்து போயிருக்கிறான், ஆனால் சுகம். என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "சேர், உங்கட பேரக் கெடுத்துட்டன்" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவனுக்கு வேலை வேண்டும். கணக்கு நன்றாகத் தெரியும், எக்செல் தெரியும், கை சுத்தம். நோன்பு தொடங்க முன் எடுக்க விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். இந்த முறையும் நான்தான் கதைப்பேன். சம்பளத்தைப் பிறகு கேட்கிறேன். முதலில் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.